வாசிப்பை நிறுத்திய சந்தாதாரர்: கேட்பதும் விடைகொடுப்பதும்

மின்னஞ்சல் செய்திமடலின் சந்தாப் பட்டியல் தொடங்கிய நாளிலிருந்தே தேய்ந்துகொண்டிருப்பது. படிப்பை முடித்து வெளியேறும் மாணவரின் கல்லூரி முகவரி நாளடைவில் முடக்கப்படுகிறது. வேலை மாறியவரின் அலுவலக முகவரி மூடப்படுகிறது. புதிய கைபேசி வாங்கியவர் புதிய கணக்கைத் தொடங்கிவிட்டுப் பழையதன் கடவுச்சொல்லை மறந்துபோகிறார். இவர்களைத் தவிர, முகவரி உயிரோடிருந்தும் ஆர்வம் குன்றி, விலகும் இணைப்பைத் தேடி அழுத்தும் அளவுக்குக்கூட மனம் செல்லாமல், வரும் மடல்களைத் திறக்காமலே விட்டுவிடுவோரும் பலர். குறித்த ஒரு காலத்துக்குள் மடலைத் திறந்ததற்கோ அதிலுள்ள இணைப்பை அழுத்தியதற்கோ தடயம் எதுவும் தராத முகவரிகள் யாவும் செயலற்றவை என்று இத்துறையில் அழைக்கப்படுகின்றன. பெயர் ஒன்றாயினும் அதற்குள் அடங்குவோர் ஒரே வகையினர் அல்லர். எல்லாரையும் ஒரே நாளில் நீக்குவதும் எல்லாருக்கும் காலமெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பதும் ஒரே அளவு தவறானவை.

திறக்காதவருக்கு அனுப்புவதால் கேடு என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதற்கு விடை, மின்னஞ்சல் வழங்கும் நிறுவனங்கள் அனுப்புநரை எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பதில் இருக்கிறது. ஜிமெயில், யாகூ போன்ற சேவைகள் ஒவ்வொரு அனுப்புநரின் டொமைனுக்கும் நற்பெயர் ஒன்றைக் கணித்து வைத்திருக்கின்றன. பெறுவோர் எத்தனை பேர் மடலை ஸ்பேம் என்று புகார் செய்கின்றனர், எத்தனை முகவரிகள் இல்லாதவை, அஞ்சல் எவ்வளவு விரும்பிப் படிக்கப்படுகிறது என்பன போன்ற அறிகுறிகளால் அது உயர்கிறது அல்லது தாழ்கிறது. நற்பெயர் தாழ்ந்த டொமைனிலிருந்து வரும் மடல், அதை ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் வாசகரின் இன்பாக்ஸுக்கும் போகாமல் ஸ்பேம் பகுதியில் விழுகிறது. படிக்காத ஆயிரம் பேருக்கு விடாமல் அனுப்புவதற்கான விலையைப் படிக்கும் நூறு பேர் செலுத்துகின்றனர் என்பதே இவ்வத்தியாயத்தின் அடிப்படை.

2023 அக்டோபரில் கூகுளும் யாகூவும் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் இந்த மதிப்பீட்டை வெளிப்படையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்களை அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்னும் மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். சந்தாவிலிருந்து ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும். விலகல் கோரிக்கையை இரண்டு நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டவே கூடாது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நன்று. ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் வந்தாலே எல்லை தொடப்பட்டுவிடும் என்பதைச் சிறு பதிப்பாளர்கள் பலர் உணர்வதில்லை. அனுப்புநருக்கான கூகுளின் வழிகாட்டுதல், பெறுவோர் சந்தாவைத் தொடர விரும்புகின்றனரா என்று அவ்வப்போது கேட்குமாறும், மடல்களைத் திறக்காதோரைப் பட்டியலிலிருந்து விலக்குவது பற்றி எண்ணுமாறும் வெளிப்படையாகவே கூறுகிறது. எனவே பட்டியலைத் தூய்மை செய்வது விருப்பமுள்ளோர் மட்டும் செய்யும் கூடுதல் வேலையாக இப்போது இல்லை.

இல்லாத முகவரிகளின் ஆபத்து இன்னும் நுட்பமானது. முகவரி இல்லையென்றால் பெறும் சேவையகம் 550 என்னும் எண்ணோடு மடலைத் திருப்பியனுப்புகிறது. இது நிலையான பவுன்ஸ் எனப்படும். பெட்டி நிறைந்திருப்பது, சேவையகம் சற்று நேரம் செயலிழந்திருப்பது போன்ற காரணங்களால் பெரும்பாலும் 4இல் தொடங்கும் எண்ணோடு மறுக்கப்படுவது தற்காலிக பவுன்ஸ். முதல் வகையை அன்றே நீக்கிவிட வேண்டும். இரண்டாம் வகை அடுத்தடுத்த பல இதழ்களுக்கும் தொடர்ந்தால் மட்டும் நீக்க வேண்டும். இதைச் செய்யாது விட்ட பழைய முகவரிகளுள் சில, நெடுங்காலம் திருப்பியனுப்பிய பிறகு, திடீரென்று அஞ்சலை ஏற்கத் தொடங்கும். வாசகர் திரும்பிவிட்டார் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. கைவிடப்பட்ட முகவரிகளை மீண்டும் இயக்கி, அவற்றுக்கு யார் இன்னமும் அனுப்புகிறார் என்று கண்காணிக்கும் ஸ்பேம் பொறிகள் உள்ளன. 1998இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் இத்தகைய பொறிகளில் விழுவோரைத் தடைப்பட்டியலில் சேர்க்கின்றன. யாகூ 2013இல் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத பயனர் பெயர்களை விடுவித்துப் புதியவர்களுக்கு வழங்கியது. அவ்வாறு கைமாறிய முகவரிக்குச் செல்லும் மடல், அதைக் கேட்டே இராத ஒருவரிடம் சேர்கிறது, அவர் அதை ஸ்பேம் என்று குறிப்பதில் வியப்பில்லை. கூகுள் தன் கொள்கையின்படி இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருப்பதால், பட்டியலில் நெடுநாள் உறங்கும் ஜிமெயில் முகவரிகளும் இனி என்றென்றைக்கும் உயிரோடிருக்கும் என்று நம்புவதற்கில்லை.

அளவுகோலைச் சோதித்தல்

ஒருவரைச் செயலற்றவர் என்று தீர்ப்பதற்கு முன், அத்தீர்ப்பைத் தரும் கருவியைச் சோதிப்பது அறமும் தேவையும் ஆகும். பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. தவறான நீக்கங்கள் மிகுதியாக நிகழ்வது இங்கேதான்.

திறப்பு என்பது நேரடியாகப் பார்க்கப்படுவதன்று, ஊகிக்கப்படுவது. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத, ஒரு பிக்சல் அளவுள்ள படமொன்று வைக்கப்படுகிறது. அப்படத்தின் முகவரி ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வேறானது. மடல் திறக்கப்பட்டுப் படம் சேவையகத்திலிருந்து இறக்கப்படும்போது அவர் திறந்ததாகப் பதிவாகிறது. டேட்டாவை மிச்சப்படுத்தவோ தம்மை எவரும் கண்காணிக்கலாகாது என்றோ படங்களை அணைத்துவைத்து வரி விடாமல் படிப்பவர், இக்கணக்கில் ஒருநாளும் திறக்காதவராகவே நிற்பார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் அறிமுகப்படுத்திய அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு, அதை ஏற்றுக்கொண்டோரின் மடல்களிலுள்ள படங்களைத் தன் இடைச்சேவையகங்கள் வழியாக முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மடலைப் பார்க்காமலே அழித்தவரும் திறந்தவராகப் பதிவாகலாம். ஆகவே ஆப்பிள் அஞ்சல் செயலியிலிருந்து வரும் திறப்புகளைத் தனியே பிரித்துக் காட்டும் வசதி அனுப்பும் மென்பொருளில் இருந்தால் அதைப் பயன்படுத்துவதும், இல்லையென்றால் திறப்பு எண்ணிக்கையை ஒரு துணைச்சான்றாக மட்டும் கொள்வதும் முறை.

தமிழில் மடல் வெளியிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று. மடலின் அளவு ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை நடுவில் வெட்டிவிட்டு, முழு மடலையும் காண ஓர் இணைப்பை மட்டும் தருகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடுகளாகவே கணக்கிடப்படும். ‘புத்தகம்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் எட்டுக் குறியீடுகளாக விரிந்து 24 பைட் பிடிக்கிறது. 2,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையே ஐம்பது, அறுபது கிலோபைட்டை எட்டக்கூடுமாகையால், வடிவமைப்புக் குறிமுறையும் கண்காணிப்பு இணைப்புகளும் சேரும்போது எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. பல மென்பொருள்கள் கண்காணிப்புப் படத்தை மடலின் கடைசியில்தான் வைக்கின்றன. வெட்டுப்பட்ட பகுதியோடு அதுவும் போய்விடுவதால், வெட்டிய இடம்வரை கவனமாகப் படித்தவர் திறக்காதவர் ஆகிறார். அதைவிடக் கேடானது, வழக்கமாக அடியில் இடப்படும் விலகல் இணைப்பும் மறைந்துபோவது. விலக விரும்புபவர் வழி காணாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். நீண்ட கட்டுரைகளின் தொடக்கப் பத்திகளை மட்டும் மடலில் தந்து முழுமையை இணையதளத்தில் வைப்பதும், விலகல் இணைப்பை மேற்பகுதியிலும் ஒருமுறை தருவதும் இதற்குத் தக்க தீர்வுகள். இத்திருத்தத்தைச் செய்து சில இதழ்கள் அனுப்பிப் பார்த்த பின்பே செயலற்றோர் பட்டியலை எடுக்க வேண்டும்.

இணைப்பைச் சொடுக்குதல் திறப்பைவிட வலுவான சான்று. ஆயினும் அதுவும் பழுதற்றதன்று. அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள், தீங்கான தளங்களுக்கு இட்டுச் செல்கின்றனவா என்று அறிய, மடலிலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து பார்ப்பதுண்டு. மடல் சேர்ந்த சில நொடிகளுக்குள் எல்லா இணைப்புகளும் அழுத்தப்பட்டதாகப் பதிவானால் அது மனிதரின் செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. மடலுக்கு மறுமொழி எழுதியது, நூல் வாங்கியது, கூட்டத்துக்குப் பதிவு செய்தது, இணையதளத்தில் உள்நுழைந்தது ஆகியவை ஐயத்துக்கு இடமில்லாத அடையாளங்கள். கடந்த ஓராண்டில் இவற்றுள் ஒன்றேனும் நிகழ்ந்திருந்தால் திறப்புக் கணக்கு எதைச் சொன்னாலும் அவரைத் தொடக்கூடாது. பணம் செலுத்திய சந்தாதாரரையும், கொள்முதல் ரசீது போன்ற தேவை மடல்களைப் பெறுவோரையும் இந்த நடவடிக்கைக்குள் கொண்டுவரவே கூடாது.

எவ்வளவு காலம் பொறுத்திருப்பது

காலவரம்பை நாள்களால் மட்டும் குறிப்பது பொருந்தாது. ஆறு மாதம் என்பது வார மடலுக்கு 26 இதழ். மாத மடலுக்கு ஆறே இதழ். ஆறு இதழைத் தவறவிட்டவரைப் புறக்கணித்தவர் என்று சொல்ல இயலாது. நாள்தோறும் அனுப்புவோருக்கு மூன்று மாதம், வாரந்தோறும் அனுப்புவோருக்கு ஆறு மாதம், மாதந்தோறும் அனுப்புவோருக்கு ஓராண்டுக்குச் சற்று மேல் என்னும் அளவு பெரும்பாலும் நியாயமாக அமையும். தேர்வு, அறுவடை, திருவிழா, மகப்பேறு எனச் சந்தாதாரரின் வாழ்வில் படிக்க இயலாப் பருவங்கள் வந்து போகும் என்பதை நினைவில் வைத்து, ஐயம் எழும்போது கால அளவை நீட்டுவதே நலம்.

சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காதவர், ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டுப் பின் நிறுத்தியவர் ஆகிய இருவரையும் பிரித்தே பார்க்க வேண்டும். முன்னவரது முகவரி தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டதாகவோ, தானியங்கி நிரல் படிவத்தில் நிரப்பியதாகவோ, வேறொருவர் கொடுத்ததாகவோ இருக்கக்கூடும். ஓரிரு மாதங்களிலேயே அவரிடம் உறுதி கேட்பது தகும். சேரும்போதே உறுதிப்படுத்தும் மடல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவரை மட்டும் பட்டியலில் ஏற்கும் இரட்டை ஒப்புதல் முறையைக் கைக்கொள்வோருக்கு இவ்வகையினர் மிகச் சிலரே இருப்பர். பின்னவருக்கு முழுக் காலவரம்பையும் தர வேண்டும். ஒருகாலத்தில் விரும்பிப் படித்தவரைத் திரும்பக் கேட்பதில் பயன் இருக்கிறது.

கேட்கும் மடல்

மீட்பு மடல் எனப்படுவது, சந்தாவைத் தொடர விருப்பமா என்று செயலற்றோரிடம் மட்டும் கேட்கும் தனி மடல். அதை எழுதுவதற்கு முன் சட்டத்தின் எல்லை ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விலகிவிட்டேன் என்று முன்பே சொன்னவருக்கு இம்மடலை அனுப்பக் கூடாது. பிரிட்டனில் ஃப்ளைபீ விமான நிறுவனம், விளம்பர அஞ்சல் வேண்டாமென்று சொல்லியிருந்த 33 லட்சம் பேருக்கு, அவர்களது விவரங்கள் சரியானவையா என்று கேட்கும் மடலை அனுப்பியது. அதற்காகத் தகவல் ஆணையர் அலுவலகம் 2017இல் அந்நிறுவனத்துக்கு 70,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஒப்புதல் கேட்கும் மடலும் விளம்பர மடலே என்பது அந்த முடிவின் சாரம். செயலற்றவர் வேறு, விலகியவர் வேறு. முன்னவரிடம் ஒருமுறை கேட்கலாம், பின்னவரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

மடலின் அனுப்புநர் பெயர், சந்தாதாரர் அறிந்த பழைய பெயராகவே இருக்க வேண்டும். தலைப்பு வரி நேரடியாக இருத்தல் நன்று: ‘இந்த மடல் உங்களுக்கு இன்னும் வேண்டுமா?’ என்பதே போதும். ஏற்கெனவே நடந்த உரையாடலின் தொடர்ச்சி போலத் தோற்றம் தரும் தலைப்புகள், அவசரம் இருப்பதாகப் பாவனை செய்யும் தலைப்புகள் ஆகியவை திறப்பைக் கூட்டினாலும் நம்பிக்கையை அழிக்கின்றன. ஏமாற்றும் தலைப்பு வரியை அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் தடை செய்கிறது. உள்ளடக்கம் ஐந்தாறு வரிகளுக்குள் அமைய வேண்டும்: மடல் யாரிடமிருந்து வருகிறது, எதைப் பற்றியது, சந்தாதாரர் எப்போது சேர்ந்தார், இப்போது ஏன் கேட்கப்படுகிறது. அதன் கீழே மூன்று வழிகள்: தொடர்ந்து பெறுவது, மாதம் ஒருமுறை தொகுப்பாக மட்டும் பெறுவது, விலகுவது. நடுவிலுள்ள வழியைப் பலர் வழங்குவதில்லை. ஆனால் விலகுவோரில் ஒரு பகுதியினருக்குச் சலிப்பைத் தருவது மடலின் பொருளன்று, அது வரும் வேகமே என்பதால், அந்த வழி பல வாசகரைத் தக்கவைக்கும். எங்களை மறந்துவிட்டீர்களா என்று மனத்தாங்கல் காட்டும் தொனி வேண்டாம். படிக்காமலிருப்பது சந்தாதாரரின் உரிமை. அதற்காக அவர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. பரிசும் தள்ளுபடியும் காட்டி அழைப்பதும் பெரும்பாலும் வீணே, ஏனெனில் தள்ளுபடிக்காக அழுத்தியவர் அதைப் பெற்றதும் மீண்டும் மௌனமாகிவிடுகிறார்.

முதல் மடலுக்கு மறுமொழி இல்லையென்றால் ஏழு முதல் பத்து நாள் இடைவெளிவிட்டு இரண்டாவது அனுப்பலாம். அதில் சந்தாதாரர் தவறவிட்ட காலத்தில் வெளிவந்தவற்றுள் மிகச் சிறந்த ஒன்றிரண்டு ஆக்கங்களை வைப்பது, கேள்வியைத் திரும்பக் கேட்பதைவிடப் பயன் தரும். மூன்றாவது மடல் கடைசியானது. குறிப்பிட்ட தேதியிலிருந்து மடல் நின்றுவிடும், விலக விரும்புவோர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தொடர விரும்புவோர் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும். மறுமொழி சொல்லாதவரைத் தொடர்பவராகக் கொள்வது கேட்டதையே பொருளற்றதாக்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் முன்னுரை, மௌனமும் செயலின்மையும் ஒப்புதலாகா என்று கூறுகிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதை அளித்ததோடு ஒப்பிடத்தக்க அளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள நெறி.

இம்மடல்களை அனுப்பும் வேகத்தில் எச்சரிக்கை தேவை. பத்தாயிரம் முகவரிகளில் நாலாயிரம் செயலற்றவை எனக் கொண்டால், அந்த நாலாயிரத்துக்கும் ஒரே நாளில் அனுப்புவது பவுன்ஸையும் புகாரையும் ஒரே நாளில் குவித்து, காக்க நினைத்த நற்பெயரையே கெடுத்துவிடும். அண்மையில் மௌனமானவரிடமிருந்து தொடங்கி, நாளுக்கு நானூறு ஐந்நூறாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பவுன்ஸ் திடீரென உயரும் இடத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு முந்தைய காலத்தவரைக் கேட்காமலே நீக்கிவிடுவது நல்லது. பல ஆண்டுகளாக மடலே அனுப்பாமல் கிடந்த பழைய பட்டியலை மீட்க முயல்வதில் பொருளில்லை. அதைக் கைவிடுவதே முறை.

நீக்கிய பின்

நீக்குதல் என்பது முகவரியைச் சுவடின்றி அழிப்பதன்று. அழித்துவிட்டால், பழைய கோப்பொன்றை வேறொருவர் மீண்டும் பதிவேற்றும்போது அதே முகவரி எவரும் அறியாமல் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். ஆகவே நீக்கப்பட்ட முகவரிகளை, இனி மடல் அனுப்பக் கூடாதவை என்று குறிக்கும் தடுப்புப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். பெயர், ஊர், படித்த வரலாறு போன்ற மற்ற விவரங்களை அழித்துவிடலாம். விலகியவர், பவுன்ஸ் ஆனவர், செயலின்மையால் நிறுத்தப்பட்டவர் ஆகிய மூவரும் அப்பட்டியலில் வெவ்வேறு குறிகளோடு இருப்பது அவசியம். அனுப்பும் சேவைகள் சில, விலகியவர்களையும் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிப்பதால், அவர்களைக் காப்பகத்துக்கு மாற்றினால் கட்டணம் குறையுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நீக்கத்துக்குப் பின் திறப்பு விகிதம் ஏறும். பத்தாயிரம் பேரில் இரண்டாயிரம் பேர் திறந்தபோது 20 விழுக்காடாக இருந்தது, நாலாயிரம் பேரை நீக்கியதும் 33 விழுக்காடாகத் தெரியும்; ஆனால் படிப்பவர் அதே இரண்டாயிரம் பேர்தான். அந்த ஏற்றத்தை வளர்ச்சியாக விளம்பரதாரரிடம் காட்டுவது நேர்மையாகாது. மெய்யான பலன் அடுத்த சில மாதங்களில், திறப்போரின் எண்ணிக்கை விகிதமாகவன்றி எண்ணாகவே கூடுகிறதா, கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் புகார் விகிதம் குறைகிறதா என்பவற்றால் அறியப்படும். இந்தச் சுழற்சியை ஆண்டுக்கு இருமுறையேனும் நடத்தினால் ஒவ்வொரு முறையும் நீக்க வேண்டியோர் சிலராகவே இருப்பர்.

செயலின்மையால் நிறுத்தப்பட்ட ஒருவர் பின்னொரு நாள் தாமாகவே இணையதளத்துக்கு வந்து மீண்டும் சந்தாப் படிவத்தை நிரப்பக்கூடும். தடுப்புப் பட்டியலில் இருப்பதனால் சில மென்பொருள்கள் அவரது முகவரியைச் சொல்லாமலே நிராகரித்துவிடும். பதிவு முடிந்ததாக அவருக்குத் தோன்றும், மடல் மட்டும் வராது. மடல் நடத்துவோர், இவ்வாறு நிறுத்தப்பட்ட சொந்தச் சோதனை முகவரி ஒன்றைக் கொண்டு, தம் படிவம் திரும்பி வருபவரை ஏற்கிறதா என்பதை இன்றே சோதித்துக்கொள்ள வேண்டும்.